படத்தோடு வந்த சூப்பர் ஹீரோ கேம்களை மீண்டும் விளையாட: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு சூப்பர் ஹீரோ படம் வெளிவந்தால் அதே பெயரில் ஒரு வீடியோ கேமும் கடைக்கு வந்தாக வேண்டும் என்பது ஏறத்தாழ 2002 முதல் 2014 வரை எழுதப்படாத விதியாக இருந்தது. இந்த வழக்கத்தின் வேர் இன்னும் பழையது. 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தையொட்டி மறு ஆண்டே அட்டாரி 2600 கருவிக்கு ஒரு விளையாட்டு வந்துவிட்டது. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முதலியார்பேட்டைப் பக்கங்களிலும் பிரௌசிங் சென்டர் பலகைக்குப் பின்னால் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறைக்கு இது ஸ்பைடர்மேனில் தொடங்கி, ஹல்க், கேட்வுமன், பேட்மேன், அயன்மேன் என்று நீண்ட ஒரு பள்ளிப் பருவம். அந்தத் தலைமுறை இப்போது முப்பதைக் கடந்து, கையில் ஓரளவு காசும் விடுமுறை நாளில் ஓரளவு நேரமும் வைத்திருக்கிறது. அந்த விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து, இன்றைய கருவிகளில் ஓட வைத்து, நம் கடற்காற்றில் கெடாமல் காப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்தப் பதிப்பை விளையாடினீர்கள் என்று கண்டறியுங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு "நான் விளையாடியது இதுவல்லவே" என்று ஏமாந்து போகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரே பெயரில், ஒரே அட்டைப் படத்துடன், வெவ்வேறு கருவிகளுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் முற்றிலும் வேறான விளையாட்டுகளைச் செய்தன. பெட்டியின் மேல் இருந்த முகம் ஒன்றுதான். உள்ளே இருந்த ஆட்டம் வேறு.

இதற்குச் சிறந்த சாட்சி 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய மூன்றுக்கும் டிரேயார்க் நிறுவனம் செய்த பதிப்பில் மன்ஹாட்டன் முழுவதும் திறந்து கிடக்கும். ஆர்2 பொத்தானை அழுத்தினால் வலை உண்மையான ஒரு கட்டடத்தில் போய் ஒட்டும். ஊசலின் வேகத்தையும் கயிற்றின் நீளத்தையும் பொறுத்து உடல் வீசப்படும். பக்கத்தில் கட்டடமே இல்லையென்றால் வலையும் இல்லை. 2002இல் வந்த முதல் விளையாட்டில் வலை வானத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். ஆனால் அதே 2004இல் கணினிக்கு வந்த 'ஸ்பைடர்மேன் 2' வேறொரு நிறுவனம் சிறுவர்களுக்காகச் சுருக்கிச் செய்தது; அதில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே வலை ஒட்டும். பிஎஸ்பி கருவிக்கு வந்தது மூன்றாவது, கேம்பாய் அட்வான்சுக்கு வந்தது நான்காவது. நம் ஊர் சென்டர்களில் பெரும்பாலும் கணினிகளே இருந்ததால், பிறர் கொண்டாடும் அந்த ஊசலாட்டத்தைப் பார்க்காமலேயே 'ஸ்பைடர்மேன் 2 ஆடியவர்கள்' என்று சொல்லிக்கொள்வோர் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பழைய நினைவு மட்டுமன்று, ஒரு பழைய பாக்கியும் கூட.

எனவே தேடத் தொடங்குமுன் சில கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். கையில் இருந்தது கீபோர்டா, ஜாய்ஸ்டிக்கா? கீழே விழுந்தால் தெருவில் நின்றீர்களா, இறந்தீர்களா? (முதல் 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் மாடிகளுக்குக் கீழே நகரமே கிடையாது, பனிமூட்டத்துக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.) நேரத்துக்குள் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த நினைவும், அப்போது ஓடிய பழைய இத்தாலியப் பாட்டின் மெட்டும் காதில் இருந்தால், நீங்கள் ஆடியது சந்தேகமில்லாமல் டிரேயார்க் பதிப்பு. கூட ஆடிய அண்ணனையோ சித்தப்பா மகனையோ ஒரு முறை போனில் கேட்டுவிடுவது நல்லது. திரையைப் பிடித்திருந்தவரைவிட, பின்னால் நின்று முறைக்காகக் காத்திருந்தவருக்கே பல விவரங்கள் தெளிவாக நினைவிருக்கும்.

இரண்டாம் படி: எதைத் தேடுவது தகும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. என் கணிப்பில் முதலிடம் மேலே சொன்ன 'ஸ்பைடர்மேன் 2'வின் பிளேஸ்டேஷன் பதிப்புக்கே. அடுத்தது, 2009இல் ரேவன் சாஃப்ட்வேர் செய்த 'எக்ஸ்மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்'. படத்தைவிட விளையாட்டு மேல் என்று துணிந்து சொல்லக்கூடிய அபூர்வமான ஒன்று அது. அடிபட அடிபடச் சதை கிழிந்து எலும்பு வரை தெரியும். ஓரமாக ஒதுங்கி நின்றால் நம் கண்ணெதிரே அந்தக் காயம் மூடும். உயிரளவைக் காட்டும் பட்டையைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். கணினி, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகளில்தான் இந்த ரத்தக் காட்சி முழுமையாக உண்டு; பிஎஸ் 2 பதிப்பு அடக்கப்பட்டது. பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரத்தில் இதை ஓட்டாதீர்கள்.

யூரோகாம் செய்த 'பேட்மேன் பிகின்ஸ்' 2005இல் வந்தது; கணினிக்கு வரவே இல்லை. எதிரிகளை அடிப்பதற்கு முன் எதையாவது உடைத்து, வெடிக்க வைத்து, அவர்களைப் பயமுறுத்தித் துப்பாக்கியைக் கீழே போட வைக்கும் அதன் முறை இன்றும் சுவையாக இருக்கிறது. 2003இன் 'ஹல்க்' பாதி இன்பம், பாதி தண்டனை: பச்சை உருவில் சுவரைப் பெயர்க்கும் கட்டங்கள் எவ்வளவு நிறைவோ, புரூஸ் பேனராக ஒளிந்து ஒளிந்து நடக்கும் கட்டங்கள் அவ்வளவு சோதனை. 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' (2006) ஒரு நல்ல யோசனைக்காக மட்டும் பார்க்கத் தகும். நாயகனுக்குச் சாவே இல்லை என்பதால், உயிரளவு நகரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அது படத்தோடு வெளிவர முடியாமல் மாதங்கள் தாமதமானது. 'அயன்மேன்' (2008), 'கேட்வுமன்' (2004) இரண்டையும் பாசத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

இவை ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் இருந்தன என்பதற்குக் காரணம் எளிது. படம் வெளியாகும் தேதி விளையாட்டின் தேதியையும் முடிவு செய்தது. 'ஸ்பைடர்மேன் 2' படம் அமெரிக்காவில் 2004 ஜூன் 30 அன்று வந்தது. விளையாட்டு இரண்டு நாள் முன்பே கடையில் இருந்தது. திரைக்கதை முழுதாகக் கைக்கு வருமுன்பே வேலையைத் தொடங்கி, வேலை முடியுமுன்பே சிடி அச்சிட அனுப்ப வேண்டிய கட்டாயத்தில் செய்யப்பட்டவை இவை. எச்டி கருவிகள் வந்து செலவும் காலமும் பெருகியபின் அந்த ஓட்டம் தாங்கவில்லை. 2009இல் எந்தப் படத்தையும் சாராமல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' பெற்ற வெற்றியும் வழியை மாற்றிவிட்டது. 2014இல் பீனாக்ஸ் செய்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' இந்த வரிசையின் கடைசிப் பெரிய விளையாட்டுகளுள் ஒன்று.

மூன்றாம் படி: சிடியைத் தேடுங்கள்

இணையக் கடைகளில் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே. பாத்திர உரிமை ஒப்பந்தம் முடிந்ததும் விற்பனை நிற்க வேண்டியதுதான். ஆக்டிவிஷன் வெளியிட்ட மார்வெல் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 2014 தொடக்கத்தில் அப்படித்தான் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஆகவே செகண்ட் ஹேண்ட் சிடி, டிவிடிகளே வழி.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பொருள்களை விரித்து வைத்திருப்பவர்களிடமும், இரண்டு ஊர்களிலும் உள்ள பழைய கணினி சர்வீஸ் கடைகளிலும், செகண்ட் ஹேண்ட் பொருள் விற்கும் செயலிகளிலும் தேடலாம். ஆனால் அதிகம் பலன் தருவது உறவினர் வீட்டுப் பரண்தான். கடைக்காரர் விலை சொல்லுமுன் சிடியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிடியில் தகவலைத் தாங்கும் பளபளப்புப் படலம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அங்கே ஊசி முனையளவு ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தால், கீழ்ப்பக்கம் கண்ணாடியாக மின்னினாலும் வாங்காதீர்கள். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்கீறல் அவ்வளவு ஆபத்தில்லை. எழுதப்பட்ட நகல் சிடிகளை (அன்று சென்டர்களில் சுழன்றவற்றில் பல அத்தகையவை) கையில் எடுக்கவே வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்க, அவற்றின் சாயப் படலம் இத்தனை ஆண்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்கியிருப்பது அரிது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த சிடிகள் இங்கே பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் சில பல மொழிகளில் பேசும்; சில பிரெஞ்சில் மட்டுமே பேசும். அட்டையின் பின்புறத்தில் மொழிக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு விளையாட்டை ஆங்கிலத்தில் புரிந்தும் புரியாமலும் ஆடிப் பழகியவர்களுக்கு அது பெரிய தடையாகவும் இருக்காது.

நான்காம் படி: கணினிப் பதிப்பை ஓட வைத்தல்

இன்றைய விண்டோஸில் 2002க்கும் 2008க்கும் இடைப்பட்ட சிடி விளையாட்டை நிறுவி, ஐகானைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காமல் போவது மிகப் பொதுவான அனுபவம். சிடி டிரைவிலேயே இருக்கும்போதும் "சிடியைப் போடுங்கள்" என்று கேட்கும். காரணம், நகலெடுப்பதைத் தடுக்க அன்று சேர்த்த சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற பூட்டுகள். பாதுகாப்பு ஓட்டை என்று கருதி, சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான டிரைவரை 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை; அதே ஆண்டு அப்டேட் மூலம் முந்தைய விண்டோஸ்களிலும் முடக்கியது. எவ்வளவு முயன்றாலும் அந்தச் சிடி அப்படியே ஓடாது.

இணையத்தில் கிடைக்கும் 'கிராக்' கோப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் வைரஸ் ஏறியிருப்பது சாதாரணம். நேர்மையான வழி, விண்டோஸ் எக்ஸ்பி நிறுவிய ஒரு பழைய கணினியை இதற்கென்றே வைத்துக்கொள்வது. பலருக்கு அது வீட்டின் ஏதோ மூலையில் உறைபோட்டு நிற்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால் அதை இணையத்தில் இணைக்கவே கூடாது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். அது செத்திருந்தால் தேதியும் அமைப்புகளும் ஒவ்வொரு முறையும் அழியும்.

பூட்டு இல்லாத விளையாட்டுகள் புதிய கணினியில் நிறுவப்பட்டும் படம் சிதறினால், டிஜிவூடூ 2 என்ற இலவச மென்பொருளை நாடலாம். அதன் 'எம்எஸ்' (MS) அடைவில் (ஃபோல்டரில்) உள்ள 32 பிட் டிஎல்எல் கோப்புகளை விளையாட்டின் அடைவில் ஒட்டினால், பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். கார்டின் அமைப்பில் நீள அகல விகிதம் மாறாமல் காட்டும்படி தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் பீட்டர் பார்க்கர் பருத்துத் தெரிவார். ஆட்டம் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடினால் பிரேம் வேகத்தை (நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையை) 60க்குள் நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: பிளேஸ்டேஷன் 2

வாய்ப்பிருப்பவர்கள் இந்த வழியையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பிஎஸ் 2 வாங்கும்போது முதலில் பின்புறம் ஒட்டியுள்ள மாடல் எண்ணைப் படியுங்கள். எண்ணின் கடைசி இலக்கம் 1 என்றால் அமெரிக்கா, 0 என்றால் ஜப்பான், 3 அல்லது 4 என்றால் ஐரோப்பா, 6 என்றால் சிங்கப்பூர், மலேசியா வட்டாரம். இந்தியாவும் வளைகுடாவும் ஐரோப்பாவைப் போலவே பால் (PAL) என்னும் டிவி ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தவை. வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டியும் பாரிசிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த சிடியும் ஒத்துப்போகும். சிங்கப்பூர்ப் பெட்டியில் பாரிஸ் சிடி ஓடாது. சிடியின் மேல் உள்ள எண் எஸ்எல்இஎஸ் என்று தொடங்கினால் ஐரோப்பியப் பதிப்பு, எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கப் பதிப்பு.

அமெரிக்காவில் வாங்கிய பெரிய பெட்டி 120 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் அத்தோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். மெலிந்த மாடல்களில், கடைசியாக வந்த 90000 வரிசை தவிர, அடாப்டர் தனியாக வருமாகையால் அதன் மேல் அச்சிட்ட வோல்ட் அளவைப் பாருங்கள்.

சிடியைச் சுத்தம் செய்வதில் நம் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டும். சென்டரில் எல்லோரும் செய்ததுபோல் சட்டை நுனியால் வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் சுருள்வட்டமாகப் பதிந்திருப்பதால், வட்டமாக விழும் கீறல் ஒரே பாதையைத் தொடர்ந்து அழிக்கும். குறுக்கே விழும் கீறலைக் கருவியின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். மென்மையான பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் இழுங்கள். வெள்ளை நூல்போல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சில துளி போதும். அதே திரவத்தைத் தொட்ட பஞ்சுக் குச்சியால் கருவியின் லென்சையும் அழுத்தாமல் ஒருமுறை தொட்டெடுக்கலாம். பற்பசை, தேங்காயெண்ணெய் வைத்தியங்கள் வேண்டாம்.

மெமரி கார்டு 8 எம்பி கொண்ட அசல் சோனி கார்டாக இருக்கட்டும். 64 எம்பி, 128 எம்பி என்று விற்கும் போலிகள் ஒருநாள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் சேவ் ஆகும்போது கரண்ட் போய்ப் பறிகொடுத்தவர்கள் இன்று ஒரு சிறிய யூபிஎஸ் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

டிவியைப் பொறுத்தவரை, பழைய டியூப் டிவி கிடைத்தால் அதுவே உத்தமம். இந்த விளையாட்டுகளின் மங்கலான ஓரங்கள் அதற்காகவே வரையப்பட்டவை. எல்இடி டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்குப் பதில், படத்தை மூன்று வயர்களாகப் பிரித்து அனுப்பும் காம்பொனன்ட் வயர் வாங்குங்கள். படம் தாமதமின்றி வர, டிவியில் கேம் மோடைப் போடுங்கள். பால் விளையாட்டுகள் 50 ஹெர்ட்சில் ஓடும். தொடக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

ஆறாம் படி: எமுலேட்டர்

கருவி கிடைக்காதவர்களுக்கு பிசிஎஸ்எக்ஸ்2 என்ற இலவச எமுலேட்டர் (பிஎஸ் 2 போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) இருக்கிறது. சாதாரண கணினி டிவிடி டிரைவே பிஎஸ் 2 சிடியைப் படிக்கும். இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் கொண்டு ஐஎஸ்ஓ கோப்பாக (முழு சிடியின் நகலாக) எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கிய கணினி நிரல் அழிந்துபோகாமல் காக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்வதை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அடுத்தவர் சிடியின் நகலை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது அதில் அடங்காது. பயாஸ் கோப்பும் (கருவியைத் தொடக்கி இயக்கும் அடிப்படை நிரல்) சொந்தக் கருவியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். காட்சித் தெளிவை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் கட்டடங்களின் ஓவியம் எவ்வளவு எளிமையானது என்பது பளிச்சென்று தெரிந்து மயக்கம் கலைந்துவிடும். பிஎஸ்பி பதிப்புகளுக்கு பிபிஎஸ்எஸ்பிபி உண்டு. அதற்குப் பயாஸ் தேவையில்லை, போனிலேயே ஓடும்.

நோக்கியா போனில் 240க்கு 320 திரையில் ஜாவா விளையாட்டாக ஆடியவர்கள் ஆண்ட்ராய்டில் ஜே2எம்இ லோடர் செயலியைப் பயன்படுத்தலாம். பழைய மெமரி கார்டில் ஜார் (.jar) கோப்பு, அதாவது அந்த ஜாவா விளையாட்டின் கோப்பு, கிடந்தால் அதைக் காட்டினால் போதும். திரையிலேயே எண் விசைகள் தோன்றும்.

ஏழாம் படி: ஆடும்போது

பயிற்சிக் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். ஸ்பைடர்மேன் விளையாட்டுகளில் நடிகர் புரூஸ் கேம்பெல் நம்மைக் கேலி செய்துகொண்டே சொல்லித் தருவார். அன்று ஆங்கிலம் பிடிபடாமல் நாம் அவசரமாகக் கடந்த அந்தக் கிண்டல்கள் இன்று நன்றாகவே புரியும். 'ஸ்பைடர்மேன் 2'வை முழுவதும் ஆட நேரமில்லாதவர்கள், புதிய ஆட்டத்தில் பெயர் கேட்கும் இடத்தில் டிரேயார்க் (Treyarch) என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து தட்டச்சு செய்யட்டும். ஆட்டத்தில் 44 விழுக்காடு முடிந்த நிலையும் இரண்டு லட்சம் புள்ளிகளும் கிடைக்கும். கதையை விட்டுவிட்டு ஊசலாடிக்கொண்டே திரிவதற்கு அது போதும்.

எட்டாம் படி: கடற்காற்றிலிருந்தும் புயலிலிருந்தும் காத்தல்

சில்வர் பீச்சிலிருந்தோ புதுச்சேரிக் கடற்கரையிலிருந்தோ ஓரிரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் உப்புக் காற்றை மனத்தில் வைக்க வேண்டும். கருவியின் இணைப்பு முனைகளில் பச்சை பூக்கும், திருகாணி துருப்பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். மாதம் ஒருமுறையேனும் கருவியை அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளே ஈரம் தங்காது.

டப்பாவை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையேறியபோது ஓடும் தகரமும் பறந்து மேலிருந்து நனைந்த வீடுகள் உண்டு. 2015 மழையிலும் 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல் புயலிலும் தரையிலிருந்து தண்ணீர் ஏறிய வீடுகள் உண்டு. எனவே கூரையை ஒட்டிய பரணும் வேண்டாம், கட்டிலுக்கு அடியும் வேண்டாம். சுவரலமாரியில் இடுப்பு உயரத்துக்கு மேல், வெளிச்சுவரைத் தொடாத தட்டு சரியானது. ஐஎஸ்ஓ நகல்களைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வையுங்கள். மெமரி கார்டில் உள்ள சேவ்களை யூஎஸ்பி அடாப்டர் வழியாகக் கணினிக்கு எடுத்து அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டு, அதை விழுப்புரத்திலோ சென்னையிலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைத்தால், அடுத்த அக்டோபர் மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை முடிந்தது.